கேட்காதவர் பங்கு

பக்ரீத் பண்டிகையைப் பற்றி நம் நாட்டில் எழுகின்ற பேச்செல்லாம் பெரும்பாலும் கத்தியைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. அறுப்பது தகுமா தகாதா என்று வெளியிலிருந்து கேட்பவர்களும், அறுப்பதற்குரிய நாள் எது, பிராணியின் வயது என்ன, எத்தனை பேர் பங்கு சேரலாம் என்று உள்ளிருந்து ஆராய்பவர்களும், ஆளுக்கொரு பக்கமாக நின்று கத்தியையே பார்த்துக்கொண்டிருக்க, அது தன் வேலையை முடித்துக் கழுவி வைக்கப்பட்ட பிறகு கையில் எடுக்கப்படுகின்ற தராசை உற்றுப் பார்ப்பவர்கள் மிகச் சிலராகவே இருக்கிறார்கள். குர்பானி என்னும் பலிக் கிருத்தியத்தில் பக்திக்குரிய பகுதி எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிது தர்மத்துக்குரிய பகுதி என்பதும், அந்தத் தர்மம் நிறைவேறுவது தராசு பிடிக்கும் கையைப் பொறுத்தது என்பதுமே இங்கே நான் சொல்ல வந்த விஷயம்.

புதுச்சேரியில் சாரம் என்னும் பகுதி, பழைய நகரின் தெற்கே முல்லா வீதியையும் காஜியார் வீதியையும் சூழ்ந்துள்ள முஸ்லிம் தெருக்களைப்போல் ஒரு சமூகத்தார் அடுத்தடுத்துக் குடியிருக்கும் இடமன்று. காமராஜர் சாலையிலிருந்து கிளைத்துச் செல்லும் அதன் தெருக்களில் உத்தியோகஸ்தர் வீடும் வாடகை மாடியும் மளிகைக் கடையும் வண்டிப் பட்டறையும் கலந்து நிற்க, இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் ஒரே மதிற்சுவரின் இருபுறமும் வாழ்கிறார்கள். இத்தகைய தெருவில், பெருநாள் தொழுகை முடிந்து வந்த ஒரு குர்பானி வீட்டில், முற்பகலில் நடப்பதைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். கறிக்கடைக்காரர் துண்டு போட்டு முடித்துவிட்டார். பாயின்மேல் விரித்த பிளாஸ்டிக் தாளில் கறியைக் கூறு போடுகிறார்கள். ஒரு கூறில் சதைக்கறியும் மற்றொன்றில் வெறும் எலும்பும் விழுந்துவிடாதபடி வீட்டுப் பெரியவர் ஒவ்வொன்றையும் கையால் கலைத்துப் பார்த்து, ஈரலைச் சிறு துண்டுகளாக்கி எல்லாவற்றிலும் சேர்க்கச் சொல்கிறார்; சிறுவர்கள் பைகளின் வாயை விரித்துப் பிடிக்கிறார்கள்; வாசலில் ஐந்தாறு பேர் துணிப்பையோடு காத்திருக்கிறார்கள். உள்ளே, சம்பந்தி வீட்டுக்கு என்று ஒரு முழுத் தொடை தனியாக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தொடையைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

இறைவன் ஆணைக்குத் தம் மகனையே அர்ப்பணிக்கத் துணிந்த இப்ராஹீம் நபியின் தியாகத்தை நினைவுகூர்ந்து, துல்ஹஜ் மாதம் பத்தாம் நாள் தொழுகைக்குப்பின் தொடங்கி, ஹனபி வழியினர் பன்னிரண்டாம் நாள் வரையிலும் ஷாபி வழியினர் பதின்மூன்றாம் நாள் வரையிலும் நிறைவேற்றும் இந்தக் கிருத்தியத்தில், கறியை மூன்று பாகமாக்கி, வீட்டுக்கு ஒன்று, உற்றார் அண்டையாருக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று என்று பங்கிடுவது சிறப்பென்று நெடுங்காலமாகக் கொள்ளப்பட்டு வருகிறது. நம் கடற்கரையோர முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி சட்டம், ஏழைக்குச் சேரவேண்டியதைச் சமைத்துப் போடலாகாது, பச்சைக் கறியாகவே அவன் கையில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அதற்கு அது கூறும் காரணத்தைச் சிந்திக்குந்தோறும் வியப்பு மேலிடுகிறது. பெற்றுக்கொண்டவன் அதற்கு முழு உரிமையாளன் ஆகிவிடுகிறான். வேண்டுமானால் சமைக்கலாம், வேண்டாவிட்டால் விற்று அந்தக் காசுக்கு அரிசி வாங்கலாம். கொடுத்தவனுக்கோ ஒரு துண்டைக்கூட, ஏன், தோலைக்கூடத் தன் லாபத்துக்காக விற்கும் பாத்தியதை இல்லை. அறுத்துக் கொடுத்தவருக்குரிய கூலியையும் கறியாகவோ தோலாகவோ கொடுத்துக் கணக்குத் தீர்க்கக்கூடாது, கைப்பணத்திலிருந்துதான் கொடுக்கவேண்டும் என்று நபிகள் நாயகம் தம் மருமகர் அலீ அவர்களுக்குக் கட்டளையிட்ட செய்தி பிரசித்தமானது. செல்வனுக்கு வியாபாரத்தை விலக்கி, ஏழைக்கு அதையே அனுமதிக்கின்ற இந்த ஏற்பாட்டில், தானம் வாங்குபவனின் கௌரவத்தைக் காப்பாற்றவேண்டும் என்னும் அக்கறை எவ்வளவு நுட்பமாக அமைந்திருக்கிறது பாருங்கள்!

பிராணியிடம் காட்டவேண்டிய இரக்கமும் இந்தச் சட்டத்துக்குள்ளேயே இருப்பது. கத்தி கூர்மையாக இருக்கவேண்டும். ஆட்டின் கண்முன்னே அதைத் தீட்டலாகாது. ஓர் ஆட்டை மற்றோர் ஆடு பார்க்க அறுக்கலாகாது. முன்னதாகத் தண்ணீர் காட்டவேண்டும். காதைப் பிடித்து இழுத்துச் செல்லலாகாது. உயிர் முற்றும் அடங்குமுன் தோலில் கை வைக்கலாகாது. எல்லாக் காரியத்திலும் நேர்த்தியை விதித்த இறைவன் அறுக்கும் காரியத்திலும் அதை விதித்திருக்கிறான் என்பது நபிகளின் போதனை. நம் தமிழ் முஸ்லிம்களோ இந்தக் கருணையைக் காவியமாகவும் பெற்றவர்கள்; உமறுப் புலவர் தம் சீறாப்புராணத்தில், வேடன் வலையில் அகப்பட்ட பெண்மான் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்புவதற்காக நபிகள் தாமே பிணை நின்றதை ஒரு முழுப் படலமாகப் பாடி வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட காவியத்துக்கு உரியவர்கள் வாழும் ஊரில், பெருநாளுக்கு முந்திய தினங்களில், ஆட்டின் நான்கு கால்களையும் கட்டி இருசக்கர வண்டியில் தலை தொங்கக் கொண்டுபோவதையும், சுமை வண்டியில் நிற்கவும் இடமின்றி அடைத்து வெயிலில் நிறுத்தி வைப்பதையும் காணும்போது, ஆட்சேபணையை வெளியார் சொல்லும்வரை காத்திருப்பானேன் என்று கேட்கத் தோன்றுகிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் தன் 28-ஆம் பிரிவில், மதம் விதித்த முறைப்படி பிராணியைக் கொல்வதைக் குற்றமாகக் கொள்வதில்லை. ஆனால் சந்தையிலிருந்து வீடு வரும் வழியில் அதனை வதைப்பதற்கு அச்சட்டமும் இடந்தரவில்லை, மார்க்கமும் இடந்தரவில்லை.

இங்கே ஒரு பெரிய ஆட்சேபணைக்குப் பதில் சொல்லாமல் நகர்வது நியாயமாகாது. புதுச்சேரிக்குத் தென்மேற்கே, அதிக தூரத்தில் இல்லாத வடலூரில், 1867-இல் இராமலிங்க வள்ளலார் சத்திய தருமச்சாலையை நிறுவி மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்து அன்னம் வழங்குகிறது. ஜீவகாருண்யம் என்பதற்கு உயிர்க்கொலையை அடியோடு விலக்குதல் என்று பொருள்கொண்ட அம்மரபில் நிற்பவர்கள் குர்பானியைக் கண்டு மனம் வருந்துவதில் கபடம் ஏதுமில்லை. அந்த வருத்தத்தை மதிக்கவேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் கறிக்கடை வாசலில் வரிசையில் நின்று, எலும்பு குறைத்து நெஞ்சுக்கறி கேட்டு வாங்கிப் போகிறவர், வருஷத்தில் சில நாள் மாத்திரம் ஜீவகாருண்யத்தின் பேரால் கண்ணீர் வடிப்பாரேயானால், அந்தக் கண்ணீரை எந்த ஆடும் நம்பாது. வடலூர் அடுப்புக்கும் குர்பானிக் கூறுக்கும் உணவில் ஒற்றுமை இல்லை. எனினும் பசித்தவனைத் தேடிப் போவதே சமயத்தின் முதல் வேலை என்னும் இடத்தில் இரண்டு வழிகளும் வந்து கூடுகின்றன. அந்த இடத்தில் நின்றுதான் குர்பானியை நாம் பரீட்சை செய்யவேண்டும்.

இறைச்சியும் இரத்தமும் இறைவனைச் சேர்வதில்லை, மனிதனின் இறையச்சமே அவனைச் சேர்கிறது என்னும் கருத்து திருக்குர்ஆனின் ஹஜ் அத்தியாயத்தில் வருவதைப் பலரும் அறிவார்கள். அதற்குச் சற்று முன்னால், அந்த இறைச்சியை யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று சொல்லும் இடத்தில், கேட்டு வருகிறவனையும், கேளாமல் உள்ளதைக் கொண்டு அமைந்திருக்கிறவனையும் சேர்த்தே குறித்திருப்பதை எத்தனை பேர் நின்று கவனித்தோம்? கேட்கிறவன் நம் வாசலுக்கு வந்துவிடுகிறான். அவனுக்குக் கொடுப்பதில் பெரிய பிரயாசை ஒன்றும் இல்லை. சாரத்தில் கேட்காதவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். ஒற்றை அறை வாடகை வீட்டில் மூன்று பிள்ளைகளோடு இருந்துகொண்டு, துணிக்கடைக்கு வேலைக்குப் போகும் விதவைத்தாய். இரவெல்லாம் மாடிக் குடியிருப்பின் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவற்காரர். மாதத் தவணை கட்டுவதற்காகப் பெருநாளன்றும் வண்டி எடுக்கும் ஆட்டோக்காரர். பிகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து, கட்டி முடியாத வீட்டிலேயே சமைத்துப் படுத்துக்கொள்ளும் கொத்து வேலையாட்கள். இவர்கள் பையை ஏந்திக்கொண்டு எந்த வாசலிலும் நிற்கமாட்டார்கள். பண்டிகை வீட்டின் மசாலா மணம் தெருவெங்கும் பரவும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

அவ்வாறிருக்க, நடைமுறையில் நடப்பது என்ன? அந்த முழுத் தொடை சம்பந்தி வீட்டுக்குப் போகிறது. சம்பந்தி வீட்டிலும் குர்பானி உண்டு, ஆதலால் அங்கிருந்து மற்றொரு தொடை இங்கே வருகிறது. அக்கா வீட்டுப் பை தம்பி வீட்டுக்கும், தம்பி வீட்டுப் பை முதலாளி வீட்டுக்கும், முதலாளி வீட்டுப் பை கூட்டாளி வீட்டுக்கும் சுற்றி, மாலைக்குள் கறியுள்ள வீடுகளுக்குள்ளேயே கறி ஒரு பிரதட்சிணம் செய்துவிட்டுக் குளிர்பதனப் பெட்டிக்குள் போய்ச் சேர்கிறது. உற்றாருக்குக் கொடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு பாகம் இருக்கத்தான் செய்கிறது. இரண்டாவது பாகம் வீங்கி மூன்றாவது பாகத்தை விழுங்கிவிடுவதுதான் குறை. ஏழைக்குப் போகும் பையில் கழுத்தெலும்பும் கொழுப்பும் மிகுந்திருக்க, பதவியில் உள்ளவருக்குப் போகும் பையில் சதைக்கறி நிரம்பியிருக்குமானால், அங்கே தராசு நேராக நின்றதென்று யார் சொல்லமுடியும்?

இந்தக் குளிர்பதனப் பெட்டி விஷயத்தில் ஒரு பழைய செய்தி நமக்கு மிகவும் வழிகாட்டுகிறது. ஓர் ஆண்டு, வறுமையால் நலிந்த பாலைவன வாசிகள் பெருநாள் சமயத்தில் மதீனாவுக்கு வந்து சேர்ந்தபோது, குர்பானிக் கறியை மூன்று நாளைக்குமேல் எவரும் வைத்துக்கொள்ளலாகாது என்று நபிகள் நாயகம் தடை விதித்தார். அடுத்த ஆண்டு அந்த நெருக்கடி நீங்கியதும், உண்ணுங்கள், கொடுங்கள், சேமித்தும் வையுங்கள் என்று தடையைத் தளர்த்தினார். சேமிப்பதற்குள்ள அனுமதியை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொண்டு, அது எந்த நிலையில் தரப்பட்டது என்பதை மறந்துவிட்டோம். ஊரில் அந்த ஆண்டு பசித்திருப்பவர் எத்தனை பேர் என்று முதலில் பார்த்து, அதற்கேற்பத் தன் பங்கைச் சுருக்குவதும் விரிப்பதுமே அந்தச் செய்தியின் உட்கருத்து. நபிகளின் இல்லத்திலேயே ஒருமுறை ஓர் ஆட்டை அறுத்துப் பங்கிட்டபின், மீதி என்ன என்று அவர் கேட்க, முன்சப்பை ஒன்றே மீதி என்று ஆயிஷா அம்மையார் சொல்ல, கொடுத்தவையே நமக்கு மிஞ்சியவை, அந்த முன்சப்பைதான் மிஞ்சாதது என்ற பொருள்பட அவர் மறுமொழி கூறியதாக ஒரு வரலாறு உண்டு. இதைவிடச் சுருக்கமாகக் கொடையின் கணக்கை யாரும் எழுதிவிட முடியாது.

அண்டை வீட்டார் வேறு சமயத்தினராய் இருந்தால் கொடுக்கலாமா என்னும் கேள்வி, சாரத்தைப் போன்ற கலந்த தெருவில் ஆண்டுதோறும் எழுகிறது. நபித்தோழரான அப்துல்லாஹ் இப்னு அம்ர் தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்ப விசாரித்தார் என்று ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. ஷாபி அறிஞர்களுக்குள் இதுபற்றிப் பின்னாளில் கருத்து வேறுபாடு உண்டெனினும், அவ்வழியின் பேரறிஞரான இமாம் நவவி, நேர்ச்சையாக அல்லாமல் விரும்பிச் செய்யும் குர்பானியிலிருந்து பிற சமயத்தாருக்கும் கொடுக்கலாம் என்பதே தம் வழியின் போக்குக்கு இசைந்தது என்று எழுதினார். நம் ஊர்ப் பழக்கமோ புத்தகத்தை எதிர்பாராமலே இதைத் தீர்த்துக்கொண்டது. எந்த வீட்டார் கறி உண்பார்கள், எந்த வீட்டார் அன்று கார்த்திகை விரதம், எந்த வீட்டுப் பாட்டிக்குப் பழமும் இனிப்பும் மாத்திரம் அனுப்பவேண்டும் என்று நம் பெண்மக்களுக்குத் தெரியும். அனுப்புவது இன்ன கறி என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்கும் நாகரிகமும் அவர்களுக்கு உண்டு. கொடையில் தாக்ஷிண்யம் என்பது இதுதான்.

வாசலில் நிகழும் தானம் கண்ணுக்குத் தெரிகிறது. சந்தையில் நிகழும் தானம் தெரிவதில்லை. புதுச்சேரிக்கு வந்து சேரும் ஆடுகளிற் பல, செஞ்சியில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் சந்தை போன்ற இடங்களிலிருந்து வருபவை. அங்கே ஆடு கொண்டுவந்து நிற்பவர்களுள், இரண்டு கிடாயை ஆண்டு முழுதும் தழையொடித்துப் போட்டு வளர்த்து, பள்ளிக் கட்டணத்துக்கோ மகள் சீருக்கோ இந்தப் பெருநாளையே நம்பியிருக்கும் கிராமத்துப் பெண்கள் பலர். தமிழ்நாட்டரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டமும் இத்தகைய ஏழைப் பெண்களை உத்தேசித்ததே. ஆக, குர்பானியின் முதல் தர்மம் சந்தையிலேயே நடக்கவேண்டியிருக்கிறது. இறைவனுக்கு அர்ப்பணிக்கும் பிராணியை வாங்கும்போது, விற்க வந்தவளுடைய அவசரத்தை அறிந்துகொண்டு விலையை இறக்குவதும், தரகர் அவளுக்கு ஒரு விலையும் நமக்கு ஒரு விலையும் சொல்வதைக் கண்டும் காணாததுபோல் இருப்பதும், பின்னால் எத்தனை பை பங்கிட்டாலும் ஈடுசெய்ய முடியாத காரியங்கள்.

தோலின் கதையும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது. குர்பானித் தோல்களை மதரஸாக்களுக்கும் அநாதை நிலையங்களுக்கும் ஒப்படைப்பதும், அவர்கள் அதை உப்பிட்டு ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய இடங்களின் தோல் தொழிலுக்கு விற்று, அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதும் நெடுநாளைய வழக்கம். அண்மை ஆண்டுகளில் தோலின் விலை பெரிதும் சரிந்துவிட்டது. ஏற்றுக்கூலிக்குக்கூடக் காணாது என்று எடுத்துச்செல்ல ஆளின்றித் தோல் கிடந்து நாறும் நிலையையும் பார்க்கிறோம். தோலைக் கொடுத்துவிட்டோம், கடமை தீர்ந்தது என்று சொல்லிக்கொள்வதில் இனி அர்த்தமில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து ஆடு வாங்குபவர், தோலுடன் அந்நாளைய தோல் விலைக்கு ஈடான ஒரு தொகையையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்தப் பிள்ளைகளின் தட்டு முன்போல் நிறையும்.

உலகத்தின் பிற பாகங்களிலும் இந்தக் கேள்வி எழாமல் இல்லை. மக்காவை அடுத்த மினாவில் ஹஜ் யாத்திரிகர்கள் கொடுத்த பலிகளின் இறைச்சியில் பெரும்பகுதி ஒருகாலத்தில் உண்பாரின்றி மண்ணில் புதைக்கப்பட்டது. 1983 முதல் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியின் பொறுப்பில் அதைப் பதப்படுத்தி, மக்கா நகரத்து ஏழைகளுக்கும் பல நாட்டு ஏழைகளுக்கும் அனுப்பும் ஏற்பாடு உண்டாயிற்று. மொராக்கோவில் தொடர்ந்த வறட்சியால் ஆடுமாடுகள் 2016-ஆம் ஆண்டுக் கணக்கைவிட 38 சதவீதம் குறைந்துபோகவே, 2025 பிப்ரவரியில் மன்னர் ஆறாம் முகம்மது, அந்த ஆண்டு குடிமக்கள் குர்பானியைத் தவிர்க்கவேண்டும் என்றும், அனைவரின் சார்பிலும் தாம் அதை நிறைவேற்றுவதாகவும் அறிவித்தார். நபிகள் நாயகம் இரண்டு கிடாக்களை அறுத்து, ஒன்றைத் தம் குடும்பத்துக்காகவும் மற்றொன்றைத் தம் சமூகத்தில் இயலாதவர்களுக்காகவும் அர்ப்பணித்த முன்மாதிரி அதற்குப் பின்னணியாக நிற்கிறது. நபிகளுக்குப்பின் வந்த முதலிரு கலீபாக்களான அபூபக்கர், உமர் ஆகியோர், மக்கள் இதைக் கட்டாயக் கடமை என்று கருதிவிடுவார்களோ என அஞ்சிச் சில சமயம் குர்பானி கொடாமலே இருந்ததாகவும் ஒரு செய்தி உண்டு. ஊரார் என்ன நினைப்பார்களோ என்று வட்டிக்கு வாங்கி ஆடு கட்டுகிற நடுத்தரக் குடும்பத்தார் இதை அறிந்திருப்பது நலம். கொடுக்க இயலாதவனுக்கு வாங்கிக்கொள்வதில் வெட்கம் இல்லை என்பதையும் சேர்த்து அறிந்திருப்பது அதனினும் நலம்.

இனிச் செய்யத்தக்கது என்ன என்று கேட்டால், பெரிய ஸ்தாபனம் எதுவும் வேண்டாமலே மூன்று காரியங்களைத் தெருவளவில் செய்யலாம். முதலாவது, பள்ளிவாசல் ஜமாஅத்தார் பெருநாளுக்கு ஒரு மாதம் முன்பே, இன்னார் இன்ன சமயம் என்று பாராமல், தங்கள் சுற்றுவட்டாரத்தில் கேளாமல் இருக்கும் குடும்பங்கள் எவை என்று விசாரித்து, பெயரை ஒலிபெருக்கியில் படிக்காமல், சுவரிலும் ஒட்டாமல், பொறுப்புள்ள இருவர் மனத்திலும் குறிப்பேட்டிலும் மாத்திரம் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, மார்க்கம் தந்திருக்கும் மூன்று நான்கு நாட்களையும் உபயோகிக்கலாம். எல்லாரும் முதல்நாள் முற்பகலிலேயே அறுத்து முடிக்க, குளிர்பதனப் பெட்டி இல்லாத ஏழை வீட்டுக்கு அன்று மதியத்துக்குள் ஏழெட்டுப் பைகள் வந்து குவிந்து, மறுநாள் வெயிலில் கெட்டுப்போகின்றன. வீடுகள் தம்முள் பேசிக்கொண்டு சிலர் முதல்நாளும் சிலர் இரண்டாம் நாளும் சிலர் மூன்றாம் நாளும் அறுத்தால், அதே கறி அந்த வீட்டில் மூன்று வேளை புதிதாகக் கொதிக்கும்.

மூன்றாவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. கூறு போட உட்காரும்போது முதலில் நிறுக்கவேண்டியது ஏழையின் பங்கு. வீட்டுக்கு வேண்டியதை எடுத்து, உற்றாருக்கு வேண்டியதை எடுத்து, எஞ்சியதை ஏழைக்கு என்று ஒதுக்குகிற வரிசையை மாற்றி, அவனுடைய மூன்றிலொரு பாகத்தைச் சதையும் ஈரலும் நேராகக் கலந்து முதலில் நிறுத்துக் கட்டிவைத்துவிட்டு, அதன்பின் சம்பந்தி வீட்டுத் தொடையைப் பற்றி யோசிக்கட்டும். மரணத்துக்குப் பின்னும் கொடுத்தவன் என்று பழமொழியில் வாழும் கீழக்கரைச் சீதக்காதி, பஞ்சகாலத்தில் மிஞ்சியதைக் கொடுத்ததற்காகப் புலவர்களால் பாடப்பட்டவர் அல்லர். வருஷத்தில் ஒருநாள் தராசின் முதல் எடையை ஏழைக்கென்று வைக்கப் பழகிய கை, மற்ற நாட்களில் கூலி கொடுக்கும்போதும் கடன் வசூலிக்கும்போதும் அப்படியே நேராக நிற்கும் என்பது என் திடமான அபிப்பிராயம். குர்பானியினால் மனிதன் அடையவேண்டிய பலனும் அதுவேயாகும்.